உழவர் அட்டையும் தராசும்

நம் நாட்டில் பசார் தானிக்கு ஒருமுறையேனும் செல்லாத குடும்பம் அரிது. ஃபாமா எனப்படும் கூட்டரசு வேளாண் விற்பனை வாரியம் 1985-ஆம் ஆண்டில் அதனைத் தொடக்கியது. இடைத்தரகர் இன்றி, விளைவித்தவரே விற்க வேண்டும் என்பதே நோக்கம். இன்று அங்கே கீரையும் மீனும் மட்டுமா கிடைக்கின்றன? நாசி லெமாக், குவே, துணிமணி எனப் பலவும் உண்டு. இதனைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் வாங்குபவன்தான். ஆனால், எதிரே நிற்பவர் உழவரா வணிகரா என்பதை நம்மால் எளிதில் அறிய இயலாது. இச்சிக்கலுக்குத் தமிழகம் கண்ட தீர்வு நாம் அறியத்தக்கது.

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி தொடங்கிவைத்தார். எனினும், இந்தியாவில் இது முதல் முயற்சியன்று. பஞ்சாபில் 1987-இலேயே ‘அப்னி மண்டி’ தோன்றியது. ஆந்திரத்தில் 1999 சனவரியில் ‘ரைத்து பஜார்’ தோன்றியது.

அதற்கு முன்னர் சிற்றுழவரின் நிலை யாது? விடியுமுன் மூட்டையுடன் மண்டிக்குச் செல்வார். விலையைச் சொல்பவர் தரகர். எடை போடுபவரும் அவரே. தரகுத் தொகையைக் கழித்துக்கொள்பவரும் அவரே. விதைக்கும் உரத்திற்கும் அவரிடமே முன்பணம் பெற்றிருந்தால் வேறிடம் செல்லவும் வழியில்லை. ஒரு மனிதரின் கையிலேயே விலை, எடை, கடன் ஆகிய மூன்றும் இருந்தன.

உழவர் சந்தை இவற்றுள் முதலிரண்டை அவர் கையிலிருந்து பிரித்தது. நிலமும் பயிரும் உண்டா என அலுவலர்கள் ஆய்ந்த பின்னரே, நிழற்படம் ஒட்டிய அடையாள அட்டை உழவருக்கு வழங்கப்பட்டது. அட்டை இல்லாதவருக்குக் கடை இல்லை. கடைக்கு வாடகை இல்லை; தராசும் சந்தையே தந்தது. காய்கறி மூட்டைகளுக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் வாங்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் விலை முடிவு செய்யப்பட்டுப் பலகையில் எழுதப்பட்டது. மொத்த விலையைவிடக் கூடுதல், வெளிக்கடை விலையைவிடக் குறைவு என்பதே கணக்கு. அந்த இடைவெளியைத்தான் உழவரும் வாங்குபவரும் பங்கிட்டுக்கொண்டனர். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அப்பலகைதான். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் கணக்குக் கேட்கலாம் அல்லவா?

ஈராண்டுகளுக்குள் சந்தைகள் நூறைத் தாண்டின. 2001 மே மாதத்தில் ஆட்சி மாறியது. சில மூடப்பட்டன, பல கவனிப்பாரின்றி நலிந்தன. காவல் தளர்ந்தால் வணிகர் நுழைவது இயல்பே. 2006-இல் பழைய ஆட்சி மீண்டபோது சந்தைகளும் புத்துயிர் பெற்றன. உழவர் பெயரால் அமைந்த சந்தைக்கு உழவரே உரிமையாளராக இல்லாமற்போனதுதான் இந்த அலைக்கழிப்பிற்குக் காரணம் என்பது என் கருத்து. அரசு கொடுத்ததை அடுத்த அரசு எடுத்துக்கொள்ள முடிந்தது.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். விற்பதற்கு ஒருவர் அரை நாள் சந்தையில் அமர வேண்டும். நகரை ஒட்டிய ஊரில் கால் காணியில் கீரையும் கத்தரியும் பயிரிடுபவருக்கு அது இயலும். மனைவி சந்தையில் இருக்க, கணவர் வயலில் இருப்பார். தொலைவில் ஏக்கர்கணக்கில் தக்காளி பயிரிடுபவர் கூடை கூடையாய்ச் சில்லறையில் விற்று முடிப்பது எங்ஙனம்? அவருடைய வண்டி இன்றும் மண்டிக்கே செல்கிறது.