பனி உருகிய பிறகுதான் கணக்கு தொடங்கும்: கடும் குளிர்காலம் எல்க் மந்தைகளையும் வேட்டை சீசனையும் எப்படிப் பாதிக்கிறது?

அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிக்கு 2022-23 குளிர்காலம் மிகக் கடுமையானது. மேற்கு வயோமிங்கில் ரேடியோ காலர் மாட்டிக் கண்காணிக்கப்பட்ட மியூல் மான் குட்டிகள் அநேகமாக எல்லாமே செத்துப்போயின. வளர்ந்த பெண் மான்களிலும் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. அதே பகுதியில் இருந்த எல்க் மந்தைகள் ஒப்பீட்டளவில் தப்பித்தன. ஆனால் பக்கத்து மாநிலமான கொலராடோவின் வடமேற்கில் எல்க்குகளும் அடி வாங்கின. அங்கே 2023 சீசனுக்கான எல்க் வேட்டை உரிமங்கள் கணிசமாகக் குறைக்கப்பட்டன.

குளிர்காலம் எல்க்கை என்ன செய்கிறது, அதன் பாதிப்பு வேட்டை சீசனில் எப்போது தெரியவரும் என்று பார்ப்போம்.

எல்க் என்பது எது?

வட அமெரிக்காவின் பெரிய மான்களில் ஒன்று. வளர்ந்த ஆண் சுமார் 300 கிலோ, பெண் சுமார் 225 கிலோ இருக்கும். நம்ம ஊர் கடமானைவிடப் பெரியது. காஷ்மீரின் ஹங்குல் மானுக்கு நெருங்கிய சொந்தம். ஐரோப்பாவில் ‘எல்க்’ என்று அழைக்கப்படும் விலங்கு வேறு, அது மூஸ். கொலராடோவில் சுமார் 3 லட்சம் எல்க்குகளும், வயோமிங்கில் 1 லட்சத்துக்கு மேலும் உள்ளன.

பனி எப்படிக் கொல்கிறது?

பெரும்பாலும் குளிர் நேரடியாகக் கொல்வதில்லை, பசிதான் கொல்கிறது. கோடையில் சேர்த்த கொழுப்புதான் எல்க்கின் சேமிப்புக் கணக்கு. குளிர்காலத்தில் கிடைக்கும் காய்ந்த புல்லில் சத்து குறைவு என்பதால், தினமும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் செலவாகும். பனி ஆழமாக இருந்தால் நடக்கவும் தோண்டவும் செலவு கூடும். இடையில் பனி லேசாக உருகி மறுபடி உறைந்தால், மேலே கெட்டியான ஓடு உருவாகிவிடும். அதன் பிறகு கீழே உள்ள புல் கண்ணுக்கும் எட்டாது, வாய்க்கும் எட்டாது.

எல்க்குக்கு இரண்டு வசதிகள் உண்டு. உடல் பெரியது, கால் நீளமானது. அதோடு புல், புதர், மரப்பட்டை என எதையும் தின்று சமாளிக்கும். மியூல் மானுக்கு இந்த வசதி குறைவு.

ஆனால் மந்தையில் எல்லோருக்கும் ஒரே நிலைமை இல்லை. முதலில் விழுவது கன்றுகள். வளர்வதிலேயே சத்தெல்லாம் போய்விடுவதால், அவற்றிடம் சேமிப்பு குறைவு. அடுத்த நிலையில் வயதானவையும் பெரிய ஆண்களும் வருகின்றன. செப்டம்பர், அக்டோபரில் இணைசேரும் போட்டியில் ஆண்கள் சரியாகத் தின்பதில்லை. மெலிந்த உடம்போடுதான் பனிக்குள் நுழைகின்றன. நல்ல வயதில் இருக்கும் பெண்கள்தான் அதிகம் தாக்குப்பிடிக்கும்.

பிழைத்தவற்றுக்குப் பிரச்சினை முடிந்ததா?

இல்லை. எல்க்கின் கர்ப்பகாலம் சுமார் 8 மாதம். கன்றுகள் மே இறுதியிலும் ஜூனிலும் பிறக்கும். அதாவது முழுக் குளிர்காலத்தையும் தாய் வயிற்றில் கன்றோடு கடக்கிறது. பட்டினி கிடந்த தாயின் கன்று எடை குறைந்து பிறக்கும், பிழைக்கும் வாய்ப்பும் குறையும். கோடையில் தாயின் உடம்பு தேறாவிட்டால், அடுத்த முறை அது சினையாகாமலும் போகலாம். ஒரே குளிர்காலம் இரண்டு, மூன்று தலைமுறைக் கன்றுகளைத் தொடுகிறது.

வேட்டைக்காரருக்கு இது எப்போது தெரியும்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு மந்தையில் 1,000 பெண்கள். வழக்கமான ஆண்டில் 100 பெண்களுக்கு 35 கன்றுகள் குளிரைத் தாண்டுகின்றன என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 350. அவற்றில் ஆண்கள் சுமார் 175. கடும் குளிரில் அது 100-க்கு 20 ஆகக் குறைந்தால், ஆண்கள் 100தான்.

முதல் சீசனில் கிளை பிரியாத கொம்புள்ள இளம் ஆண்கள் குறைவாகத் தெரியும். பெரிய ஆண்கள் ஓரளவு வழக்கம்போல இருப்பதால், ‘பெரிதாக ஒன்றும் ஆகலையே’ என்றுகூடத் தோன்றும். ஆனால் அன்று காணாமல் போன 75 ஆண்களும் நான்கைந்து ஆண்டுகள் கழித்துப் பெரிய கொம்போடு நிற்க வேண்டியவை. அந்த இடைவெளியை இடையில் வரும் எந்த நல்ல மழையும் நிரப்பாது.

உரிமங்களை எப்படி முடிவு செய்கிறார்கள்?

குளிர்காலத்தில் மந்தைகள் தாழ்வான இடங்களில் கூடும்போது, ஹெலிகாப்டரிலிருந்து எண்ணுகிறார்கள். 100 பெண்களுக்கு எத்தனை கன்று, எத்தனை ஆண் என்ற விகிதமும் ரேடியோ காலர் தரவும்தான் அடிப்படை.

மந்தை சரிந்தால் முதலில் குறைவது பெண் எல்க்குகளுக்கான உரிமம். ஒரு ஆண் பல பெண்களோடு இணையும் என்பதால், மந்தை மீள்வது பெண்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மந்தை ஏற்கெனவே இலக்கைவிடப் பெரிதாக இருந்தால், கடும் குளிருக்குப் பிறகும் வெட்டு இல்லாமல் போகலாம்.

இதில் பணமும் இருக்கிறது. வயோமிங்கில் உள்ளூர்க்காரருக்கு எல்க் உரிமம் 57 டாலர் என்றால், வெளிமாநிலத்தவருக்கு வழக்கமான கட்டணமே சுமார் 690 டாலர். மாநில வனவிலங்குத் துறைகளின் முக்கிய வருமானம் இந்த உரிமக் கட்டணமும், 1937-ம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் வரியும்தான். உரிமம் குறைந்தால் மந்தையைக் காக்கும் துறையின் கையிலும் காசு குறையும்.

அப்போ தீவனம் போட்டுக் காப்பாற்றலாமே?

நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்கிறார்கள். அடுத்தடுத்த கடும் குளிர்காலங்களில் ஜாக்சன் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான எல்க்குகள் பட்டினியால் இறந்த பிறகு, 1912-ல் தேசிய எல்க் சரணாலயம் உருவானது. அங்கே குளிர்காலத்தில் குதிரைமசால் தீவன உருண்டைகள் போடப்படுகின்றன. வயோமிங் மாநில அரசும் தனியாகப் பல தீவன மையங்களை நடத்துகிறது. எல்க்குகள் பண்ணைகளுக்குள் புகுந்து மாடுகளின் தீவனத்தைத் தின்பதையும் இது தடுக்கிறது.

சிக்கல் என்னவென்றால், தீவனம் இருக்கும் இடத்தில் கூட்டம் நெருக்கியடிக்கும். கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் அப்படிப் பரவுகிறது. அதைவிடப் பெரிய பயம், மூளையைச் சிதைக்கும் ‘நாள்பட்ட மெலிவு நோய்’. இதற்கு மருந்து இல்லை. வந்தால் சாவு உறுதி. காரணமான பிரியான் புரதம் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். ஜாக்சன் மந்தையில் இந்த நோய் 2020 டிசம்பரில் முதன்முதலாக உறுதியானது. தீவனத்தை நிறுத்தினால் இந்தக் குளிர்காலத்தில் சாவு. தொடர்ந்தால் நோய் பரவி, வரும் ஆண்டுகளில் சாவு. வயோமிங்கில் இப்போது நடக்கும் விவாதம் இதுதான்.

அடுத்த சீசனை எப்படிக் கணிப்பது?

மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, முந்தைய கோடை வறட்சியாக இருந்ததா? இருந்தால் மந்தை மெலிந்துதான் குளிருக்குள் போயிருக்கும். இரண்டாவது, பனி எவ்வளவு பெய்தது என்பதைவிட எவ்வளவு நாள் கிடந்தது? சேமிப்பு தீர்ந்துபோகும் மார்ச், ஏப்ரலில்தான் பல சாவுகள் நிகழ்கின்றன. மூன்றாவது, கன்று விகிதம்.

வெளிமாநிலத்தவர் வயோமிங் எல்க் உரிமத்துக்கு பிப்ரவரி தொடக்கத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அதாவது, குளிர்காலம் எப்படி முடியும் என்று தெரிவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.