உறுதியில் எழுதாத இரண்டாம் வாழ்வு

தேசவழமையைச் சட்டமென்று அறிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் பலர். அதைக் குடும்பங்களின் கதையாக வாசித்தவர்கள் குறைவு. 1707ஆம் ஆண்டு, ஒல்லாந்தர் காலத்தில் இங்கே திசாவை என்ற ஆட்சி அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், தாம் நெடுங்காலம் பழகி அறிந்த வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்து, நடப்பில் உள்ளதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று சொத்தைப் பற்றியே அதிகம் பேசும் அந்தத் தொகுப்பில் மறுமணம் பற்றிய விதிகளும் உண்டு. மனைவியை இழந்தவன் மறுபடி கலியாணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளைத் தாய்வழிப் பேரனாரோ பேத்தியாரோ வளர்க்க எடுத்துக்கொள்வார்கள். அவன் இறந்தவளின் சீதனம் முழுவதையும், இருவரும் சேர்ந்து தேடியதில் பாதியையும் அந்தப் பிள்ளைகளுக்கு விட்டுவிட வேண்டும். கணவனை இழந்த தாய் மறுபடி கலியாணம் செய்தால் பிள்ளைகளின் பங்கு என்னாகும் என்பதற்கும் விதி இருக்கிறது. நடக்காத காரியத்துக்கு எந்த ஊரும் இவ்வளவு நுணுக்கமாக விதி வகுத்து வைக்காது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் குடாநாட்டில் பெண்ணொருத்தி இரண்டாம் முறை மணவறை ஏறுவது ஊர் வாயடைத்துப் பார்க்கும் அதிசயமாக இருக்கவில்லை என்றே இதிலிருந்து கொள்ள வேண்டும். உடுப்பிட்டி போன்ற வடமராட்சி ஊர்களில், பிரிந்தவர் மீண்டும் சேரும் சின்னஞ்சிறு காதல் நாவல்களைப் பெண்கள் கைக்குக் கை மாற்றி வாசித்த வரலாற்றை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த ரசனை சென்னையிலிருந்து கப்பலேறி வந்த சரக்கல்ல. உடைந்த வாழ்வை மறுபடி தொடங்கலாமா என்று, இந்த மண்ணின் கலியாண முறைக்குள் நெடுங்காலம் பதில் கிடைக்காமல் கிடந்த ஒரு கேள்விதான் அதற்கு வேர்.

விதி ஏட்டில் இருக்க, வாசல் மெல்ல அடைபட்டது. 1806இல் ஆங்கிலேயர் தேசவழமைக்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தார்கள். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதைப் புதுக்கியது. அந்தச் சட்டப்படி, பெண்ணின் பெயரில் நொத்தாரிசு உறுதி முடித்த சீதனக் காணி அவளுடையதுதான். ஆனால் அதை அவள் விற்கவோ ஈடு வைக்கவோ கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கணவன் கைவிட்டுப் போனான், எங்கே இருக்கிறான் என்று தெரியாது, காரணமில்லாமல் சம்மதிக்க மறுக்கிறான் என்றால், அவள் மாவட்ட நீதிமன்றம் ஏறி அனுமதி கேட்கலாம். அதாவது, விட்டுப் போனவனின் பேனை, அவள் குடியிருக்கும் வீட்டின் மேல் தொடர்ந்து நிற்கும். விவாகரத்து வழியும் அகலமானதல்ல. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பிறன்மனை உறவு, வேண்டுமென்றே கைவிடுதல், மணமுடிக்கும்போதே இருந்த தீராத உடலுறவு இயலாமை என்று மூன்று காரணங்களையே ஏற்றது. இருவரும் மனமொத்துப் பிரிவது அவற்றில் ஒன்றல்ல. யாராவது ஒருவர் குற்றவாளி என்று நீதிமன்றத்தில் நிறுவினால்தான் கதவு திறக்கும். இதற்குமேல் ஊர்வாய். மனைவியை இழந்தவனுக்கு இரண்டாந்தாரம் பார்ப்பது உறவினரின் கடமை. கணவனை இழந்தவளுக்கு மிஞ்சியது அறுதலி என்ற வசைச்சொல்.

இப்படி இறுகிய ஊர்களுக்குள்தான் எழுத்தும் வந்தது. உடுவிலில் 1824இல் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய அமெரிக்க மிசன், 1868இல் உடுப்பிட்டியிலும் ஒன்றைத் தொடங்கியது. சிவசம்புப் புலவர் பிரபந்தம் பாடிக்கொண்டிருந்த அதே ஊரில், அதே காலத்தில், பெண்பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். உடுவிலில் படித்து முடித்து மிசனுக்கு ஏற்ற இடத்தில் கலியாணம் செய்த பெண்களுக்கு மிசனே சிறு தொகையைச் சீதனமாகக் கொடுத்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். படிப்பும்கூடச் சீதனத்தின் பாஷையில் பேசித்தான் இந்த மண்ணில் இடம்பிடித்தது. அந்தப் படிப்பின் பலன் அரை நூற்றாண்டு கழித்து நாவலாகத் தெரிந்தது. 1914இல் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ எழுதினார். ஈழத்துத் தமிழில் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவலாகக் கொள்ளப்படுவது அது. பாவத்துக்கு வருந்தி மன்னிப்புக் கேட்கும் 51ஆம் சங்கீதத்திலிருந்து தலைப்பை எடுத்தார். மணவாழ்வில் மனமுடையும் பெண்ணின் துயரத்தை முன்னே வைத்தார். ஆனால் அந்த நாவலோ, அதை அடுத்து 1920களில் ‘இந்து சாதனம்’ ஆசிரியர் ம. வே. திருஞானசம்பந்தபிள்ளை எழுதிய ‘காசிநாதன் நேசமலர்’ முதலான சீர்திருத்தக் கதைகளோ, உடைந்த வாழ்வைத் திரும்பத் தொடங்கலாம் என்ற நம்பிக்கையை மையமாக வைத்தவை அல்ல. அவை எச்சரித்தன, புத்தி சொல்லின. தவறிய பின் என்ன செய்வது என்று அறிய விரும்பிய வாசகிக்கு அவற்றில் அதிகம் கிடைக்கவில்லை.

பழைய இலக்கியத்தில் மட்டும் இதற்கு இடம் இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. மருதத்திணையின் பெரும்பகுதி, பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனுக்கு வாசல் திறப்பதா என்ற வழக்குத்தான். பாணனும் தோழியும் தூது வருவார்கள், தலைவி மறுப்பாள், பிறகு இசைவாள். கோவலன் கண்ணகியிடம் திரும்பிய இரண்டாம் வாழ்வு, புகாரிலிருந்து மதுரை வரை நடந்த வழிநடையளவே நீடித்தது. நளன் தமயந்தியைக் கானகத்தில் விட்டுப் போனான். அவர்களை மறுபடி சேர்த்துவைத்தது அவள் செய்த சூழ்ச்சி. மூன்றிலும் போகிறவன் ஆண், திரும்புகிறவனும் ஆண். அவன் திரும்பும்போது அவள் ஏற்றுக்கொள்வாள் என்பது முன்பே தெரிந்த முடிவு. நவீனக் காதல் குறுநாவல் இந்தப் பழைய அமைப்பில் ஒன்றை மாற்றியது. அவள் மறுத்துவிடலாம் என்ற பயத்தைக் கதையின் நடுவில் வைத்தது. மேற்கில் இதற்கு முன்னோடி, ஜேன் ஆஸ்டின் இறந்தபின் 1817 டிசம்பரில் வெளிவந்த ‘பெர்சுவேஷன்’. காசில்லாத கடற்படை வாலிபனை வேண்டாமென்று சொல்லும்படி பெரியவர்கள் ஆன் எலியட்டுக்கு அறிவுரை சொல்கிறார்கள். எட்டு ஆண்டு கழித்து அவன் கப்டனாகத் திரும்புகிறான். சீதனக் கணக்கும் கடலோடிகளும் பழகிய வடமராட்சிக்கு இந்தக் கதை அந்நியமல்ல. உடுப்பிட்டிக்குப் பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கக் கரை வரை போனது. மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோரிலும் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவரின் கடிதங்கள் 1942இல் ஜப்பானியர் வந்ததும் நின்றுபோயின. காத்திருப்பும் திரும்பிவருதலும் இங்கே வீட்டுக்கு வீடு நடந்த சங்கதிகள்.

குறுநாவல் என்ற வடிவம் பரவலாகக் கைக்கு வந்தது பிறகுதான். தமிழ்நாட்டில் ‘ராணிமுத்து’, ‘மாலைமதி’ போன்ற மாத வெளியீடுகள் ஒரு இதழுக்கு ஒரு முழு நாவல் என்று விற்கத் தொடங்கின. 1970களின் தொடக்கத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, கொழும்பில் வீரகேசரி பிரசுரம் அந்த இடத்தை நிரப்பியது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, வடமராட்சியின் தெணியான் எழுதிய ‘விடிவை நோக்கி’ எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. சாதியைப் பேசிய நாவலும் காதலைப் பேசிய நாவலும் ஒரே அளவில், ஒரே கடைத் தட்டில் இருந்தன. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்து இந்திய இதழ்கள் மறுபடி குவிந்தபோது உள்ளூர் முயற்சி தளர்ந்தது. அதன்பின் குடும்ப நாவல் என்றால் பலருக்கு ரமணிசந்திரன்தான். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். இந்த வகைக் கதைகளின் அச்சு ஏறக்குறைய ஒன்று. அவசரத்தில் அல்லது பெரியவர்கள் பேசி முடித்த கலியாணம், ஒரு சந்தேகம், ஒரு கடுஞ்சொல், பிரிவு, சில ஆண்டுகள், பிறகு எதிர்பாராத இடத்தில் சந்திப்பு. இரண்டாம் பாதியில் அவள் வேலை பார்க்கிறாள், சம்பாதிக்கிறாள். அவன் விளக்கம் சொல்ல வேண்டியவனாக நிற்கிறான். அவன் சொல்வதை அவள் எடைபோடுகிறாள். வாசகி விரைந்து பக்கம் புரட்டியது, காதல் உண்டா இல்லையா என்று அறிய அல்ல, அது தலைப்பிலேயே தெரியும். அவன் எப்போது, எவ்வளவு தூரம் இறங்கிவந்து தன் பிழையை ஒப்புக்கொள்வான் என்று பார்க்கவே புரட்டினாள்.

நீளம் குறைவாக இருந்ததும் தற்செயலல்ல. வாரத் தொடர், வாசகியைக் காத்திருக்க வைக்கும். வாழ்க்கையே காத்திருப்பாக இருக்கும் ஊரில் அது பாரம். 1990இலிருந்து வடக்கின் மேல் விதித்த பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றரி, காகிதம் எல்லாம் அரிதாயின. ‘உதயன்’ நாளிதழ் பள்ளிக்கூடக் கொப்பியின் கோடுபோட்ட தாளில் அச்சாகி வந்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுத் திரி ஏற்றிய விளக்கில்தான் இரவு வாசிப்பு. அடுத்த வாரத்து இதழ் வரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாத அந்த நாட்களில், தொடக்கமும் முடிவும் ஒரே அட்டைக்குள் இருந்த பழைய மாத நாவலுக்குத் தனி மதிப்பு இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அட்டை கிழிந்து, பின் துருப்பிடித்து, கடைசித் தாள் மட்டும் போகாமல் இருந்தால் போதும். சமையலுக்கும் பின்னேரத் தேநீருக்கும் இடையில் ஒரு பிரிவு முழுவதையும் கடந்து, மறு கரையைக் கண்டுவிடலாம்.

இந்த வாசிப்பை மதிக்காதவர்கள் சிறியவர்களல்ல. ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) எழுதிய க. கைலாசபதியும் அவரைத் தொடர்ந்த முற்போக்கு விமர்சகர்களும், வணிக நாவல் சமூகத்தின் உண்மையான முரண்பாட்டை மறைக்கிறது என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டில் பாதி சரி. இந்த நாவல்களில் நிலமற்றவர் வருவதில்லை, சாதி பேசப்படுவதில்லை, நாயகன் பெரும்பாலும் பணக்காரன். ஆனால் அவர்கள் குடும்பத்தைச் சமூக முரண்பாட்டின் ஓர் இடமாக எடுத்துக்கொள்ளத் தயங்கினார்கள். காணி யாருக்கு என்ற கேள்வியை வயலில் கேட்டவர்கள், அதே கேள்வி சீதன உறுதியிலும் இருக்கிறது என்பதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே காதல் நாவல் வாசகிகளோடு நேரில் பேசி 1984இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. வீட்டாருக்கே நாள் முழுவதையும் கொடுக்கும் பெண்கள், வாசிக்கும் நேரத்தைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார்கள் என்று கண்டார். முடிவு நல்லதா என்று கடைசிப் பக்கங்களை முதலில் பார்த்த பின்பே வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. ஏமாற மாட்டோம் என்ற உத்தரவாதத்தைத் தேடிய வாசிப்பு அது. அந்தத் தேவை உடுப்பிட்டிக்கும் பொருந்தும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இரண்டாம் வாய்ப்பு என்று சொல்லிவிட்டு, பெண்ணை அதே கணவனிடம்தானே கொண்டுபோய் விடுகிறார்கள்? அடித்தவனும் அவமானப்படுத்தியவனும் ஒரு மன்னிப்பில் நல்லவனாகிவிடுகிறான். இதை நான் மறுக்கப்போவதில்லை. கொடுமையைக் காதலின் வேகமாகக் காட்டும் நாவல்கள் இந்த வகையில் உண்டு, அவை தீங்கானவை. இருந்தாலும் அந்த முடிவு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்பதை விளங்கிக்கொள்ள, நான் மேலே சொன்ன சட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். விவாகரத்துக்குக் குற்றம் நிறுவ வேண்டும், காணிக்கு அவன் கையெழுத்து வேண்டும், மறுமணத்துக்கு ஊர் இடங்கொடாது. இந்த நிலையில் பெண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரே புது வாழ்வு, பழைய மனிதன் மாறிவருவதுதான். நாவலாசிரியர்கள் சமூகத்தின் வேலிக்குள் நின்று, அந்த வேலி எவ்வளவு இடம் கொடுக்குமோ அவ்வளவுக்கு எழுதினார்கள். வேலியை மீறாதது அவர்களுடைய குறை. வேலிக்குள் இருந்த பெண்ணுக்கு மறுக்கும் உரிமை உண்டு என்று மாதாமாதம் சொன்னது அவர்களுடைய பணி.

போர் முடிந்தபின், மறுபடி வாழலாமா என்ற இந்தக் கேள்வி வேறு உருவம் எடுத்தது. வடக்கிலும் கிழக்கிலுமாக 89,000 கைம்பெண்கள் இருப்பதாக 2010இல் அரசுத் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. அவர்களில் மறுமணம் செய்தவர் மிகச் சிலர் என்றால், இத்தனை கதை வாசித்து என்ன பயன் என்று கேட்பார்கள். கதை சட்டத்தையோ ஊர்வாயையோ தனியே மாற்றாது என்பது உண்மை. ஆனால் மறுபடி வாழ விரும்புவது வெட்கத்துக்குரியதல்ல என்ற எண்ணம் எங்கேயாவது காப்பாற்றப்பட வேண்டும். பொதுமேடையில் அதற்கு இடமில்லாத காலத்தில் இந்தச் சிறு புத்தகங்கள் அதைக் காப்பாற்றின. நிதனிபிரபு, ரோசி கஜன் போன்ற ஈழத்துப் பெண்கள் இப்போது அந்த வடிவத்தை எங்கள் பேச்சுமொழிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் முன் இருக்கும் வேலை முன்னோரின் வேலையைவிடக் கடினமானது. கணவன் இறந்தானா இருக்கிறானா என்று தெரியாத பெண்கள் இங்கே பலர். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்காகக் காணாமற்போனமைச் சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதை வைத்து அவள் சில அலுவல்களைப் பார்க்கலாம், ஆனால் மறுமணம் செய்ய வேண்டுமானால் அவன் இல்லை என்று அவளே ஒருநாள் எழுதிக்கொடுக்க வேண்டிவரும். திரும்பி வருகிறவனைப் பற்றிய நூற்றுக்கணக்கான கதைகளை வாசித்தவள் அவள். வராதவனை விட்டு நகரும் கதையை, அவளைக் குற்றவாளியாக்காமல், நூற்றைம்பது பக்கத்துக்குள், அவள் இருந்த இருப்பில் வாசித்து முடிக்கும்படி யாராவது எழுதித் தர வேண்டும்.