கதிர்வீச்சுச் சிகிச்சையும் மரபணு அமைதிப்படுத்தலும்: நோயாளிகள் அறிய வேண்டியவை

கதிர்வீச்சுச் சிகிச்சை (மக்கள் வழக்கில் "கரண்ட் வைத்தல்") சிலருக்கு எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்றையும், அதனைக் களைய நடைபெறும் ஆய்வையும் இப்பக்கம் விளக்குகிறது.

சில புற்றுநோய்ச் செல்கள் ஏன் தப்புகின்றன?

கதிர்வீச்சு, செல்லின் டி.என்.ஏ. இழைகளை முறிக்கிறது. முறிவு சீராகாவிடில் செல் அழியும். ஆனால் ஏ.டி.எம்., ராட்51 போன்ற புரதங்கள் முறிவைக் கண்டறிந்து பழுதுபார்க்கின்றன. இத்திறன் மிகுந்த புற்றுநோய்ச் செல்கள் கதிர்வீச்சுக்குத் தாக்குப்பிடிக்கின்றன.

மரபணு அமைதிப்படுத்தல் என்றால் என்ன?

ஒவ்வொரு புரதமும் மரபணுவிலிருந்து வரும் தூது ஆர்.என்.ஏ.வின் கட்டளைப்படியே உருவாகிறது. சுமார் 21 எழுத்துகள் நீளமுள்ள சிறிய ஆர்.என்.ஏ. துண்டினைச் செல்லுக்குள் செலுத்தினால், அதற்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ. வெட்டப்பட்டு, அந்தப் புரதத்தின் உற்பத்தி குறையும். மரபணு மாற்றப்படுவதில்லை, விளைவும் தற்காலிகமானதே. இந்த இயற்கைச் செயல்முறையை 1998-இல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் 2006-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பழுதுபார்க்கும் புரதங்களை இவ்வாறு குறைத்தபின் கதிர்வீச்சு அளித்தபோது, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட புற்றுநோய்ச் செல்கள் கூடுதலாக அழிந்தன.

இது இப்போது கிடைக்குமா?

வழக்கமான சிகிச்சையாகக் கிடைக்காது. முக்கியத் தடைகள் இரண்டு:

• இந்த ஆர்.என்.ஏ. இரத்தத்தில் விரைவில் சிதையும். கொழுப்பு நுண்துகள்களில் பொதிந்து செலுத்தினாலும் பெரும்பகுதி கல்லீரலையே சென்றடைகிறது. இவ்வகையில் 2018-இல் அமெரிக்காவில் முதலாவதாக அனுமதி பெற்ற பட்டிசிரான், கல்லீரலில் உருவாகும் ஒரு புரதத்தைக் குறைக்கும் மருந்து, புற்றுநோய்க்கானது அன்று.
• பழுதுபார்க்கும் புரதங்கள் நலமான செல்களுக்கும் தேவை. அங்கும் அவை குறைந்தால் பக்கவிளைவுகள் கூடும்.

இன்று உள்ள வழி என்ன?

கருப்பைவாய், தலை, கழுத்துப் புற்றுநோய்களில் தகுந்த நோயாளிகளுக்குக் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் மருந்தும் வழங்கப்படுகிறது. அது கதிர்வீச்சின் திறனைக் கூட்டும் நிரூபிக்கப்பட்ட முறையாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• குறித்த நாள்களில் தவறாது சிகிச்சைக்குச் செல்லுங்கள். இடைவெளி விழுந்தால், எஞ்சிய புற்றுநோய்ச் செல்கள் மீண்டும் பெருகும். செல்ல இயலாத நிலை நேர்ந்தால் உடனே மருத்துவரிடம் கூறுங்கள்.
• புகையிலையை முற்றிலும் விடுங்கள். புகைப்பிடித்தல் கதிர்வீச்சின் பலனைக் குறைக்கும்.
• சத்து மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மருத்துவரிடம் கேட்காமல் உட்கொள்ளாதீர்கள்.

எச்சரிக்கை

"மரபணு சிகிச்சை" எனக் கூறி எவரேனும் பணம் கேட்டால், கையிலுள்ள சிகிச்சையை நிறுத்திவிட்டு அவரிடம் செல்லாதீர்கள். முறையான மருந்து ஆய்வு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்து வடிவ ஒப்புதல் பெற்ற பின்னரே உங்களை அதில் சேர்ப்பர். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐயம் எழுந்தால், உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.