குவான் கீரை: பறிக்கும் பருவமும் பறிக்கும் உரிமையும்

நார்வே, ஐஸ்லாந்து மலைகளின் ஓடையோரப் புல்வெளிகளில் வளரும் குவான் செடியைக் 'காட்டுக் கீரை' என்ற தலைப்பில் அடக்கிவிடுவது தாவரப் பட்டியல்களின் வழக்கம். வேர் மருந்துக்கு, தண்டு உணவுக்கு, விதை மணத்துக்கு என்று பயன்கள் வரிசையாக வரும். எந்தப் பருவத்தில் பறித்தார்கள், பறிக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பவை அதில் இடம்பெறுவதில்லை. அச்செடியின் வரலாற்றைத் தீர்மானித்தவை இவ்விரண்டும்தான் என்பது என் வாதம்.

ஆஞ்செலிகா ஆர்க்காஞ்செலிகா என்பது இதன் அறிவியற்பெயர். கொத்தமல்லி, சீரகம், ஓமம் ஆகியவற்றின் குடும்பம். ஆளுயரத்துக்கும் மேலே வளரும். குடை விரித்தாற்போல் பசும்பூக்கள் கொத்தாக நிற்கும். முதலில் இலைகளை மட்டும் விட்டு வேரில் சத்தைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, பட்டுப்போகும். பூக்குமுன் தண்டை வெட்டிவிட்டால் பெரும்பாலும் சாகாமல் மறுபடி தளிர்க்கும். வட ஸ்காண்டிநேவியாவின் சாமி இன மக்கள் விரும்பியது நார் முற்றாத இளந்தண்டையே. தோலை உரித்துப் பச்சையாகவே தின்பார்கள். இலையையும் மொட்டையும் நறுக்கி வேகவைத்து, பனிக் கலைமானின் பாலில் கலந்து குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். அவர்கள் தேடிய ருசி செடியின் ஆயுளையும் நீட்டித்தது. விதைக்கென்று சிலவற்றை விட்டுவைத்தால் போதும். வேர் அறுவடை அப்படியல்ல. கொள்ளைநோய்க்கு மருந்து என்று ஐரோப்பா கொண்டாடிய வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். இரண்டையும் 'பயன்பாடு' என்று ஒரே சொல்லில் எழுதுவது பெரும் பிழை.

உரிமைக்கு வருவோம். மேற்கு நார்வேயின் பழைய குலாத்திங் சட்டம், பிறர் குவான் தோட்டத்துக்குள் புகுந்தவனை அடித்து உடையை உருவினாலும் அவன் நியாயம் கேட்க முடியாது என்கிறது. வேலியும் உடைமையாளனும் இருந்த பயிரைப் பற்றியே இப்படி ஒரு விதி எழ முடியும். ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நார்வே மன்னர்களின் வரலாறான ஹெய்ம்ஸ்கிரிங்லாவில் ஓலாவ் டிரிக்வசன் மன்னன் தெருவில் குவான் தண்டு விற்பவனைப் பார்க்கிறான். வசந்தத்தின் தொடக்கத்துக்கு மிஞ்சிய பருமனான தண்டுகள். ஒன்றை அரசிக்குக் கொண்டுபோகிறான். நிகழ்ச்சி கதையாகவே இருக்கட்டும், குவான் விலைப்பொருள் என்பது அதைக் கேட்டவர்களுக்கு இயல்பாகப் பட்டிருக்கிறது. இன்னும் வலுவான சான்று மேற்கு நார்வேயின் வொஸ் வட்டாரத்தில் இருக்கிறது. காட்டுச் செடியின் இலைக்காம்பு உள்ளே பொள்ளல். வொஸ் குவானின் காம்போ சதைப்பிடிப்பானது, கசப்பும் குறைவு. தலைமுறை தலைமுறையாக நல்லதைத் தேர்ந்து நட்டவர்களின் கைவேலை இது.

குவான் இன்று செங்குத்துப் பாறைகளிலும் ஆளில்லாத் தீவுகளிலும் செழிப்பதைக் காட்டி, அதன் இயல்பிடமே அதுதான் என்று வாதிடலாம். எனக்கு அது உடன்பாடில்லை. ஆடுகள் இதை ஆசையாக மேயும். ஆடு எட்டாத இடத்தில் எஞ்சியதையே நாம் பார்க்கிறோம். வடமேற்கு ஐஸ்லாந்தின் ஹார்ன்ஸ்ட்ராண்டிரில் 1950களில் கடைசிக் குடிகள் ஆடுகளோடு வெளியேறினார்கள். அங்கே கைவிடப்பட்ட பண்ணைகளின் புல்வெளியில் இப்போது குவான் இடுப்பளவுக்கும் மேலே அடர்ந்து நிற்கிறது.