பழைய டாக் சக், புது வேகம்

நம்ம ஊர் லேத் பட்டறைகளில் ரெண்டு வகை சக் இருக்கும். மூணு ஜா இருந்தால் அது 'ட்ரூ சக்'. நாலு ஜா இருந்தால் 'டாக் சக்'. பேரை மட்டும் கேட்டால் ட்ரூ சக்தான் துல்லியமானது, மற்றது ஏதோ முரட்டு வேலைக்கு என்று தோணும். நிஜம் கிட்டத்தட்ட நேர்மாறு. வீட்டில் சின்ன லேத் வைத்திருக்கிற சில பேர், "எந்த நாலு ஜா சக் வாங்கலாம்?"னு கேட்டிருந்தீங்க. பதில் சொல்வதற்கு இருநூறு வருஷம் பின்னாடி போயிட்டு வரணும்.

லேத் பார்க்காதவங்களுக்கு ஒரு வரி: லேத்தில் ஜாப் சுற்றும், டூல் அதைச் சீவும். சுற்றுகிற ஜாப்பை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் சக்.

1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். அந்தக் காலத்தில் நீளமான தண்டு என்றால் ரெண்டு முனைகளுக்கு நடுவில் மாட்டுவாங்க. கோணல்மாணலான வார்ப்பு என்றால் ஃபேஸ்பிளேட் என்கிற தட்டில் வைத்து, போல்ட்டால் இறுக்குவாங்க. ஆங்கிலேயப் பட்டறைகளில் பிடித்துக்கொள்கிற இரும்புத் துண்டு பலவற்றுக்கும் 'டாக்'னு பேர். இன்றைய டாக் சக்கைப் பாருங்க: ஒரு தட்டு, அதில் நாலு டாக், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்க்ரூ. ஒரு ஜாவை நகர்த்தினால் மற்ற மூன்றுக்கும் அது தெரியவே தெரியாது.

அடுத்து நாம் போக வேண்டிய இடம் அமெரிக்காவின் கனெக்டிகட். 19ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியும் கடிகாரமும் ஆயிரக்கணக்கில் செய்த மாநிலம் அது. ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலை, 1860இல் தொடங்கிய பிராட் அண்ட் விட்னி எல்லாம் அங்கேதான். வெஸ்ட் ஸ்டாஃபோர்டைச் சேர்ந்த சைமன் ஃபேர்மன்தான் சக் தொழிலின் முன்னோடி. அவருடைய மருமகன் ஆஸ்டின் குஷ்மன் 1862இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய கம்பெனியின் பேரைத் தாங்கிய சக்குகள் இன்றும் பழைய லேத்களில் சுற்றுகின்றன.

அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேகம் வேணும். ஒரே அளவு கம்பி, நாள் முழுக்க நூறு முறை மாட்டிக் கழற்றணும். அதற்கு ஏற்றது ஸ்க்ரோல் சக். உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய ஒரு தட்டு இருக்கும். சாவியைத் திருப்பினால் தட்டு சுழலும், மூணு ஜாவும் ஒன்றாக உள்ளே வரும். அதுதான் நம்ம ட்ரூ சக். ஆனால் அதன் துல்லியம் முழுக்க அந்தச் சுருளில் அடங்கியிருக்கு. சுருள் தேய்ந்தால் மையமும் நகரும். நல்ல நிலையில் இருக்கிற சாதாரண மூணு ஜா சக்கிலேயே சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பது சகஜம். என் பாஷையில் சொன்னால் அது ஹார்ட்கோட் பண்ணின வேல்யூ, நீங்க மாற்ற முடியாது.

டாக் சக்கில் மையத்தைத் தீர்மானிப்பது உங்க கை. டயல் கேஜை ஜாப்பின் மேல் வைத்துச் சுற்றிப் பார்க்கணும். எந்தப் பக்கம் மேடு என்று கண்டுபிடித்து, எதிர் ஜாவைத் தளர்த்தி, இந்த ஜாவை இறுக்கணும். ரெண்டு சாவி வைத்து எதிரெதிர் ஜாக்களை ஒரே சமயத்தில் திருப்பினால் வேலை பாதி. பழகிய கைக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான், 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் கொண்டுவந்துடலாம். சதுரக் கம்பி, வார்ப்பு, வேண்டுமென்றே மையம் விலக்கிக் கடைய வேண்டிய கேம் எல்லாம் அதில் பிடிக்கும். அதனால்தான் ஸ்க்ரோல் வந்த பிறகும் அது ஒழியவில்லை.

அதனால் விற்கிறவர் நாலு ஜா சக்கைக் காட்டி "ஆட்டமே இருக்காது சார்"னு சொன்னால் சிரிச்சுக்கோங்க. அது அவர் விற்கிற பொருளில் இல்லை.

அப்போ தரம் என்பது எதில் இருக்கு? முதலில் உடம்பு எந்த உலோகம் என்பதில். பழைய சக்குகளில் பல சாம்பல் வார்ப்பிரும்பு. காரணம், அந்தக் காலத்து வேகம். கார்பன் எஃகு டூலால் மென் எஃகைச் சீவினால் நிமிஷத்துக்குச் சுமார் 8 மீட்டர்தான் தாங்கும். 50 மில்லிமீட்டர் ஜாப் என்றால் 50 சுற்று. பிறகு டெய்லரும் வைட்டும் அமெரிக்காவில் உருவாக்கிய ஹைஸ்பீடு எஃகை 1900 பாரிஸ் கண்காட்சியில் உலகம் பார்த்தது. வேகம் மூணு, நாலு மடங்கு ஏறியது. 1920களின் கடைசியில் ஜெர்மனியின் க்ரூப் கம்பெனி 'விடியா' என்ற கார்பைடைக் கொண்டுவந்தது. இன்று கார்பைடு டூல் போட்டு அதே 50 மில்லிமீட்டர் ஜாப்பை 600 சுற்றில் ஓட்டுவது பெரிய விஷயமே இல்லை.

வேகம் 12 மடங்கு ஆனால், ஜாவை வெளியே இழுக்கிற விசை 144 மடங்கு ஆகும். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, நேராக உடையும். தாத்தா காலத்துச் சக்கை வேகக் கட்டுப்பாடு உள்ள புது மோட்டாரில் மாட்டி, குமிழை முழுக்கத் திருப்புவதுதான் எனக்கு பயமான விஷயம். முகத்தில் அதிகபட்ச வேகம் பொறித்திருந்தால் அதை மீறாதீங்க. எதுவும் பொறிக்காத பழைய சக்கை வார்ப்பிரும்பு என்றே வைத்துக்கொண்டு மெதுவாக மட்டும் ஓட்டுங்க. அதிக வேகம்தான் வேணும்னா எஃகு உடம்பு உள்ளதை, வேகம் குறிப்பிட்டதைத் தேடி வாங்குங்க. காசு கூடத்தான், இந்த இடத்தில் பார்க்கக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ஒரு ஜாவை முழுசாகக் கழற்றிப் பாருங்க. ஸ்க்ரூவின் மரை கூர்ந்து போயிருக்கா, சாவி போடும் சதுரக் குழி உருண்டுவிட்டதா, ஜா ஓடும் பள்ளத்தின் மூலைகளில் விரிசல் இருக்கா? கழற்றியதை அதே எண்ணுள்ள பள்ளத்தில் போடணும். பிறகு ஒரு நேரான கம்பியைப் பிடித்து, ஜாவுக்கும் கம்பிக்கும் நடுவில் முன்பக்கம் ஒரு காகிதத் துண்டு, பின்பக்கம் ஒன்று. பின்பக்கம் இறுகி, முன்பக்கம் சுலபமாக உருவ முடிந்தால், வாய் விரிந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு எந்த டயல் கேஜும் மருந்தில்லை, விட்டுட்டு வந்துடுங்க.

அளவில் பேராசை வேண்டாம். ஜா வெளியே நீட்டும்போது படுக்கையில் இடிக்காத அளவுதான் உங்க அளவு. எடை கூடினால் பேரிங் கஷ்டப்படும்.

கடைசியாக, மாட்டுகிற மரை. மைஃபோர்டு எம்எல்7க்கு ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒன்றும் எட்டில் ஒரு பங்கும், அங்குலத்துக்கு 12 மரை. சவுத் பெண்ட் 9 அங்குல லேத்துக்கு ஒன்றரை அங்குலம், 8 மரை. ஒன்றுக்கொன்று சேராது. பின்பக்கம் வெறுமையாக உள்ள சக்கை வாங்கி, உங்க லேத் மரைக்கு ஒரு பேக்பிளேட் செய்து, அதை உங்க லேத்திலேயே ஏற்றி முகத்தைச் சீவிக்கோங்க. மரையில் மாட்டுகிற சக் என்றால் தலைகீழாகச் சுற்றி வெட்டாதீங்க, கழன்று வந்துடும். பேக்பிளேட் கடைவது எப்படி என்று அடுத்த எபிசோடில்.