சனிக்கிழமைப் பேட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை போவது எப்படி?

ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து இறங்கினால், இரண்டாம் நாள் காலை காபி டம்ளரோடு ஒரு கேள்வி வரும். "இங்க சுத்திப் பாக்க என்னப்பா இருக்கு?" மகர்பட்டாவில் இருக்கும் நாம் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? சாயந்திரம் மால், சனி ஞாயிறு லோனாவ்லா, அடுத்த வாரம் ஷிர்டி, அதோடு ரயில் ஏற்றி விடுகிறோம். நடுவில் இருக்கும் புனே என்ற ஊரைக் காட்டுவதே இல்லை. கேட்டால் "டிராஃபிக் ஜாஸ்தி, பார்க்கிங் கிடையாது" என்போம். இதே ஆட்கள் ஆபீஸ் வேலையாக டோக்கியோ போனால் முதல் ஞாயிறே ரயில் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து படம் காட்டுவார்கள் :-)

டோக்கியோ போய் வந்த நண்பர் ஒருவர் சொன்னார், அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாதாம். முதலில் வட்டாரம், அதற்குள் எண் போட்ட பகுதி, அதற்குள் பிளாக், பிறகு கட்டட எண். அதனால் யாரும் தெரு கேட்பதில்லை. எந்த ஸ்டேஷன், எந்த வாசல் என்றுதான் கேட்பார்கள். பழைய புனேயும் கிட்டத்தட்ட அதே கதைதான். ரோடு பெயரை யார் கேட்கிறார்கள்? எந்தப் பேட்டை, எந்த மாருதி கோயில் பக்கம் என்பதுதான் விலாசம்.

பேட் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம சைதாப்பேட்டை, ராணிப்பேட்டையில் இருக்கும் அதே பேட்டை. சனிவார், ரவிவார், சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார் என்று ஏழு கிழமைக்கும் ஒரு பேட்டை இருக்கிறது. அந்தந்தக் கிழமையில் சந்தை கூடியதால் வந்த பெயர் என்பார்கள். கிழமை அல்லாத பேட்டைகளில்தான் சரித்திரம் ஒளிந்திருக்கிறது. சதாசிவ் பேட், 1761 ஜனவரி 14 அன்று பானிபட்டில் மடிந்த சதாசிவராவ் பாவ் பெயரில். நாராயண் பேட், சொந்த அரண்மனையிலேயே கொலையான நாராயணராவ் பேஷ்வா பெயரில். நானா பேட், நானா பட்னவிஸ் பெயரில். ஒரு பஸ் டிக்கெட்டில் மூன்று அத்தியாயம்.

அடுத்தது கோயில்கள். ஜிலேபி மாருதி, ஆடும் மாருதி (டுல்யா மாருதி), பட்டினி விட்டோபா (உபாஷி விட்டோபா), கொலைகார முரளீதர் (கூன்யா முரளீதர்)! சாமிக்கு இப்படியெல்லாமா பெயர் வைப்பது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மெட்ராஸில் பாடிகாட் முனீஸ்வரர் இருக்கிறாரே, அவருக்கு இவர்களெல்லாம் ஒன்றுவிட்ட சகோதரர்கள். மேப் இல்லாத காலத்தில் ஊரே இந்தப் பெயர்களை வைத்துத்தான் வழி சொன்னது.

சரி, போவது எப்படி? காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஹடப்ஸரிலிருந்து ஸ்வார்கேட்டுக்கு பஸ் ஏராளம். பஸ் நம்பர் மராத்தி எண்ணில் இருந்தால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அவர்களுடைய 4 நம் கண்ணுக்கு 8 மாதிரித் தெரியும், 1 பார்க்க 9 மாதிரி இருக்கும். இந்த ஹடப்ஸர் - ஸ்வார்கேட் ரோட்டுக்கே ஒரு சரித்திரம் உண்டு. இந்தியாவில் முதன்முதலில் பிஆர்டி என்று பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டுப் பார்த்தது 2006 டிசம்பரில் இந்த வழியிலும் காத்ரஜ் வழியிலும்தான். அது நினைத்த மாதிரி நடக்கவில்லை என்பது அந்த ரோட்டில் ஒருமுறை போனவர்களுக்கே தெரியும். ஸ்கூட்டரையே ஊரில் செய்து விற்ற ஜனங்களைத் தடம் பிரித்து ஓரமாகப் போகச் சொன்னால் போவார்களா? ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. ஆகுர்டியில் பஜாஜ் வந்தது, 1972-இல் சேத்தக் வந்தது, சைக்கிள் போனது.

ஸ்வார்கேட்டில் மெட்ரோ. 2024 செப்டம்பர் 29 அன்று திறந்த சுரங்கப் பாதை. அடுத்த ஸ்டேஷன் மண்டை, அதற்கடுத்தது கஸ்பா பேட். முன்பு இந்தத் தூரத்தை ஆட்டோவில் கடக்க அரைமணி நேரமும் ஒரு சண்டையும் தேவைப்படும். கஸ்பா பேட்டில் மேலே ஏறி வந்தால் கஸ்பா கணபதி, லால் மஹால், சனிவார்வாடா எல்லாமே நடக்கிற தூரம். வயதானவர்களுக்கும் முடியும்.

லால் மஹாலில் நிற்பது புதிய கட்டடம், 1980களில் மாநகராட்சி கட்டியது. அசல் போய் வெகுகாலம் ஆயிற்று. ஆனால் தஞ்சாவூர்க்காரர்கள் இங்கே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். புனே ஷாஹாஜி போன்ஸ்லேயின் ஜாகீர். ஒரு மனைவி ஜீஜாபாயின் மகன் சிவாஜி வளர்ந்தது இங்கே. இன்னொரு மனைவி துகாபாயின் மகன் ஏகோஜி 1670களில் தஞ்சாவூரைப் பிடித்து அரசரானார். 1677-இல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்தபோது கொள்ளிடக்கரையில் திருமழபாடியில் அண்ணன் தம்பி சந்தித்தார்கள். விஷயம் என்ன? அப்பா சொத்தில் பாதி! பேங்கில் சட்டப்படி வாரிசு கேஸ்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பேச்சு ஒத்துவராமல் தம்பி ராத்திரியோடு ராத்திரியாகக் கொள்ளிடம் தாண்டிப் போய்விட்டார் என்பது வரலாறு.

அங்கிருந்து சனிவார்வாடா. 1730 ஜனவரி 10, ஒரு சனிக்கிழமை, முதலாம் பாஜிராவ் அடிக்கல் நாட்டினார். 1732-இல் கிரகப்பிரவேசம். கட்டுமானச் செலவு 16,110 ரூபாய் என்று கணக்கு இருக்கிறது. மகர்பட்டாவில் இன்று இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்குக்கூடக் காணாது. மாளிகை 1828 தீயில் போய்விட்டது. மிச்சம் இருப்பது கல் மதில்களும், யானை முட்டித் தள்ள முடியாதபடி ஆணி அடித்த தில்லி தர்வாஜாவும்.

கைடு யாராக இருந்தாலும் நாராயணராவ் கொலையைச் சொல்வார். 1773 ஆகஸ்ட் 30, "சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று பையன் ஓடியது, அமாவாசை ராத்திரி இன்றும் குரல் கேட்கும் என்பது எல்லாம். பேய்க் கதையை விடுங்கள், ஆவணக் கதை அதைவிடச் சுவாரஸ்யம். சித்தப்பா ரகுநாதராவ் எழுதிய ஓலையில் "தராவே", அதாவது பிடிக்கவும், என்று இருந்ததாம். சித்தி ஆனந்திபாய் ஒரே எழுத்தை மாற்றி "மாராவே", கொல்லவும், என்று ஆக்கினாராம். மராத்தியில் "த-வை மா ஆக்குவது" என்று இதை இன்றும் பழமொழியாகச் சொல்கிறார்கள். 1881-ஆம் வருட செலாவணி முறி சட்டத்தில் 87-ஆவது பிரிவு இருக்கிறது. காசோலையில் முக்கியமான திருத்தத்தைச் சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் செய்தால் அது செல்லாது. அந்த ஓலையை மட்டும் செல்லாது என்று யாராவது திருப்பி அனுப்பியிருந்தால்! நீதிபதி ராம்சாஸ்திரி பிரபுணே மட்டும் அதிகாரத்தில் இருந்த ரகுநாதராவையே குற்றவாளி என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

பானிபட் தோல்விச் செய்தி நானாசாஹேப் பேஷ்வாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வட்டிக்கடை சாஹுகாரின் கடிதம் வழியாகத்தான். இரண்டு முத்து கரைந்தது, இருபத்தேழு பொன் மோகர் தொலைந்தது, வெள்ளிக்கும் செம்புக்கும் கணக்கில்லை என்று குறிச்சொல்லில் இருந்தது. முத்து இரண்டில் ஒன்று அவர் மகன் விஸ்வாஸ்ராவ். ஆறு மாதத்துக்குள் பார்வதி மலையில் நானாசாஹேப் இறந்து போனார். அந்த மலைக்கு 103 படி. முழங்கால் நன்றாக இருந்தால் ஏறிப் பாருங்கள், ஊரே தெரியும்.

இப்போது நம்ம பேட்டைக்கு வருகிறேன். மகர்பட்டாவில் என்ன சரித்திரம், கரும்புக்காடு இருந்த இடம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 123 விவசாயக் குடும்பங்கள் நானூறு ஏக்கருக்கு மேல் இருந்த நிலத்தை பில்டருக்கு விற்காமல், நிலத்தின் அளவுப்படி பங்கு போட்டுத் தாங்களே கம்பெனி ஆகி 2000-இல் கட்ட ஆரம்பித்த ஊர் இது. நிலத்தையே மூலதனமாக்கிய இந்த ஏற்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் அதற்கும் இருநூறு வருஷம் முன்னால் இந்தப் பக்கத்தில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1801-இல் இரண்டாம் பாஜிராவ், ஹோல்கர் குடும்பத்து விட்டோஜியைச் சனிவார்வாடா முன்னால் யானைக்காலில் கட்டிக் கொன்றார். பேஷ்வா மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறார்கள். சகோதரர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் பெரும்படையோடு புனேயை நோக்கி வந்தார். 1802 அக்டோபர் 25, தீபாவளி சமயம். பேஷ்வா படையும் சிந்தியா படையும் ஒரு பக்கம், ஹோல்கர் மறு பக்கம், ஹடப்ஸர் வெளியில் சண்டை. தினமும் காலையில் நாம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறோமே, இந்தச் சுற்றுவட்டாரம்தான். ஹோல்கர் ஜெயித்தார். பாஜிராவ் சிங்ககட், ராய்கட் பக்கம் என்று ஓடி, கொங்கண் கரையில் ஆங்கிலேயர் கப்பலேறி வசை போய்ச் சேர்ந்தார்.

டிசம்பர் 31 அன்று அங்கே கையெழுத்தானதுதான் வசை ஒப்பந்தம். கம்பெனிப் படை ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் பேஷ்வா நாட்டில் நிரந்தரமாக இருக்கும். அதன் செலவுக்கு வருஷம் 26 லட்சம் ரூபாய் வருமானம் வரும் நிலத்தைப் பேஷ்வா எழுதிக் கொடுக்க வேண்டும். கடன்காரனே காவல்காரனாக வந்து, காவலுக்கும் கூலி வாங்கிக்கொண்ட ஏற்பாடு. சொத்து ஜாமீனாக எழுதிக் கொடுத்ததை மீட்ட ராஜா ஒருவரும் கிடையாது. 1817-இல் கட்கி சண்டை, நவம்பர் 17 அன்று சனிவார்வாடா மேல் ஆங்கிலக் கொடி. அவ்வளவுதான் பேஷ்வா ராஜ்ஜியம்.

இதில் நாம் எங்கே என்று கேட்டால், இருக்கிறோம். பாஜிராவை மறுபடி கத்தியில் உட்கார வைக்க ஆர்தர் வெல்லஸ்லி (பிற்காலத்தில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்தவர்) தெற்கிலிருந்து படையோடு கிளம்பி 1803 ஏப்ரல் 20 அன்று புனேக்குள் வந்தார். ஊரைக் கொளுத்தப் போகிறார்கள் என்று செய்தி கிடைத்து, கடைசி 60 மைலைக் குதிரைப்படையோடு 32 மணி நேரத்தில் கடந்தாராம். அவர் கூட்டி வந்த சிப்பாய்களில் பெரும்பகுதி மெட்ராஸ் படை. தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்த நாம்தான் முதல் தமிழர்கள் என்ற நினைப்பு இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கேம்ப், கட்கி பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள், அவர்கள் தமிழும் மராத்தியும் கலந்து பேசுவதே தனி அழகு.

இன்னொன்று. வசை ஒப்பந்தத்தின்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ஆர்தரின் அண்ணன் ரிச்சர்ட் வெல்லஸ்லி. அதே மனிதரின் ஆட்சியில்தான் 1799-இல் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி நாட்டை எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு வருஷம் ஒரு லட்சம் வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. வெல்லஸ்லி படை புனேக்குள் நுழைந்த அதே 1803-இல் சரபோஜி தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் பெரிய கோயில் சுவரில் நீளமாகச் செதுக்கி வைத்தார். ராஜ்ஜியம் போன பிறகு மிஞ்சுவது வரலாறு எழுதுவதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்போல. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள். புனேயில் வளர்ந்த பிள்ளைகள், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார்கள். நமக்குத்தான் படிக்க வராது!

ஒரு நாளில் முடிக்க நினைப்பவர்கள் காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். மதியம் ஒன்று முதல் நாலு வரை பழைய பேட்டைக் கடைக்காரர்கள் தூங்கப் போய்விடுவார்கள், கெஞ்சினாலும் ஷட்டர் ஏறாது. மண்டையில் காய்கறி மார்க்கெட் கட்டடத்தையே பார்க்கலாம், 1880களில் கட்டியது, பழைய பெயர் ரே மார்க்கெட். பக்கத்தில் துளசிபாக், அங்கே அம்மாக்களை விட்டால் மீட்பது உங்கள் பொறுப்பு. கராடியிலிருந்து ஹடப்ஸர், ஸ்வார்கேட் வழியாக கடக்வாஸ்லா போகும் மெட்ரோவுக்கு 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது ஓடும்வரை பஸ்தான்.

டோக்கியோவுக்கு டிக்கெட் எடுக்க வசதிப்படாதவர்களுக்குச் சிங்ககட் ரோட்டில் ஒரு தோட்டம் இருக்கிறது. ஜப்பானில் ஒகயாமா ஊரின் கோராகுஎன் தோட்டத்தைப் பார்த்து அமைத்தது. குட்டிப் பாலம், குளத்தில் மீன், ஏறி இறங்கும் புல்மேடு எல்லாம் உண்டு. பெயர் மட்டும் மராத்தி நகைச்சுவை எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே பெயர். மதியத்தில் மூடியிருக்கும், சாயந்திரமாகப் போங்கள்.