பாலக்காடு மணி ஐயரும் அவர்தம் மிருதங்கமும்

கம்பத்தினின்று மலையேறி, கம்பம்மெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களில் குடியமர்ந்த நம்மவர்க்கு எல்லை தாண்டிப் புகழெய்திய கலைஞர் எவரும் அயலார் அல்லர். நம் இளைஞர்கள் இன்று ராக் இசையின் ட்ரம்ஸ் முழக்கத்தில் மனம் பறிகொடுத்துள்ளனர். அதனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும், குச்சியின்றி வெறுங்கையால் பேரவையை ஆண்ட பாலக்காடு மணி ஐயரை அவர்களுக்கு அறிமுகப்படுத்த விழைகின்றோம்.

1912ஆம் ஆண்டில் திருவில்வாமலையை அடுத்த பழையன்னூரில் தோன்றிய இவர், முதற்கண் சாத்தபுரம் சுப்பையரிடம் பயின்றார். இளமையிலேயே செம்பை வைத்தியநாத பாகவதரின் பாட்டுக்கு வாசிக்கும் பேறு பெற்றார். பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரை அடைந்து கலையை முற்றக் கற்றார். கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் ஈடற்றவரான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையுடன் ஒரே மேடையில் வாசித்ததும் இவர்க்குப் பெரும் பயிற்சியாயிற்று. கேரளக் கோயில்களின் செண்டை ஒலியும் இவ்விளஞ்செவியில் படிந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இனி, கருவியைக் காண்போம். பலாமரத்தைக் குடைந்த உடல். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள். இழுத்துக் கட்டும் வார்கள். வலந்தலையின் நடுவே கற்பொடியும் சோறும் குழைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய கருஞ்சாந்து. இடப்புறத் தொப்பியில் கச்சேரிக்கு முன் அப்பும் ரவைப் பசை. அக்கருஞ்சாந்தே தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, முழவோசையைச் சுருதியுள்ள நாதமாக்குகிறது என்பதை 1920இல் சர் சி. வி. இராமன் ஆராய்ந்து உலகுக்கு உரைத்தார். 1950களின் பிற்பகுதி முதல் மேனாட்டு ட்ரம்ஸுக்குப் பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது. திருகாணியைத் திருகினால் சுருதி ஏறும். இங்கோ விலங்கை உரித்துப் பதப்படுத்தும் கையின்றி நாதமில்லை.

அக்கை எவருடையது? தஞ்சையின் செபாஸ்டியன் குடும்பத்துப் பர்லாந்துவினுடையது. தாழ்த்தப்பட்ட சமூகத்துக் கிறித்தவர் அவர். நாதத்தில் சிறு குறையையும் பொறாத மணி ஐயரின் செவிக்கு ஏற்ப, தோலையும் சாந்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தவர் அவரே. இருவரும் சேர்ந்தே அந்நாதத்தைக் கண்டனர் எனலாம். எனினும் கச்சேரி அறிக்கைகளில் பர்லாந்துவின் பெயர் அச்சேறியதில்லை. டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட நூலே இக்குடும்பத்தாரின் வரலாற்றைப் பலரும் அறியச் செய்தது.

ஒலிபெருக்கியை மணி ஐயர் வெறுத்தார். அது மிருதங்கத்தின் இயல்பான நாதத்தைச் சிதைக்கும் என்பது அவர் முடிபு. இதனால் மேடைகளை இழக்கவும் அவர் அஞ்சவில்லை. பிடிவாதமென்று சிலர் சொல்வர். பர்லாந்துவின் உழைப்பை நினைக்குங்கால் நமக்கு அது நியாயமாகவே படுகிறது.

1965இல் எடின்பரோ விழாவில் வாசித்தார். 1966இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். மிருதங்க வித்வான் ஒருவர்க்கு அவ்விருது கிட்டியது அதுவே முதன்முறை. 1971இல் பத்மபூஷண் வந்தது. பாலக்காடு இரகு, உமையாள்புரம் சிவராமன் முதலியோர் இவர்தம் மாணாக்கர். 1981 மே 30இல் மறைந்தார்.

நம் ஆண்டு விழாவில் பறையும் உறுமியும் முழங்குமாயின், வாசிப்போர் பெயர்களோடு அவற்றுக்குத் தோல் கட்டியோர் பெயர்களையும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம்.